முதலில் துணி, லோகோ அப்புறம்

திருவனந்தபுரத்தில் நாலு தமிழ்க் குடும்பம் ஒரு இடத்தில் கூடினால் முன்பெல்லாம் பேச்சு இரண்டு விஷயத்தைத் தாண்டாது. பொங்கலுக்கு ஊருக்குப் போக அனந்தபுரியில் டிக்கெட் கிடைத்ததா, பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் தமிழ் இருக்கிறதா. இப்போது மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. "சார், சொந்தமா ஒரு டிரெஸ் பிராண்டு ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்."

இதைச் சொல்பவர்களில் டெக்னோபார்க்கில் வேலை பார்த்து அலுத்தவர் உண்டு. துபாயிலிருந்து திரும்பி வந்தவர் உண்டு. கணவர் இங்கே மத்திய அரசு வேலையில் இருக்க, பிள்ளைகள் வளர்ந்துவிட்ட பிறகு 'நானும் ஏதாவது செய்யணும்' என்று நினைக்கும் அம்மாக்கள்தான் அதிகம். நான் வங்கியில் கடன் பிரிவில் இருப்பவன் என்று தெரிந்ததும் சாப்பாட்டுத் தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். நான் பி.காம். படித்து வங்கிக்குள் நுழைந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சொந்த ஊர் ஈரோடு பக்கம், தறிச் சத்தத்தில் தூங்கி எழுந்தவன். ஆகவே இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் வாய் நீளம். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். கோபம் வந்தால் வரட்டும்.

என் மேஜைக்கு வந்த ஒரு ஃபைலிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன். கணவன் மனைவி இரண்டு பேரும் படித்தவர்கள். புராஜெக்ட் ரிப்போர்ட் பளபளவென்று இருந்தது. லோகோ டிசைனுக்கு முப்பத்தைந்தாயிரம். வெப்சைட்டுக்கு அறுபதாயிரம். கோவளத்தில் மாடலை வைத்துப் படம் எடுக்க ஒரு தொகை, இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு மாதாமாதம் ஒரு தொகை. பதினெட்டு பக்கம். துணியைப் பற்றி ஒரே ஒரு வரி: 'தரமான டி-ஷர்ட்டுகள் திருப்பூரிலிருந்து கொள்முதல் செய்யப்படும்.' அவ்வளவுதான். என்ன நூல், எத்தனை ஜி.எஸ்.எம்., சாயம் போகுமா, துவைத்தால் எவ்வளவு சுருங்கும், குறைந்தபட்சம் எத்தனை பீஸ் எடுத்தால் கொடுப்பார்கள், ஒன்றும் கிடையாது.

"துணியை நீங்க கையில தொட்டுப் பாத்தீங்களாம்மா?" என்று கேட்டேன். "சாம்பிள் வரும் சார், கொரியர்ல சொல்லியிருக்கு" என்றார் அந்த அம்மா. "பிராண்டிங் சரியா செஞ்சிட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரின்னு வொர்க்‌ஷாப்ல சொன்னாங்க."

அந்த வொர்க்‌ஷாப் நடத்துகிறவர்கள் மேல்தான் எனக்கு முதல் கோபம். ஜீரோவிலிருந்து பிராண்டு, முப்பது நாளில் பிராண்டு என்று சனி ஞாயிறில் ஹோட்டல் ஹாலில் வகுப்பு எடுக்கிறார்கள். வகுப்புக் கட்டணத்தில் அவர் பிராண்டு வளர்கிறது. வருகிறவர்களுக்கு அவர் சொல்லாமல் விடும் கணக்கு ஒன்று இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பையன் போட்டுவிடுவான்.

டி-ஷர்ட்டில் ஆறு டிசைன் என்று வையுங்கள். ஒவ்வொன்றிலும் நாலு நிறம். ஒவ்வொரு நிறத்திலும் ஸ்மாலிலிருந்து டபுள் எக்ஸ்எல் வரை ஐந்து அளவு. ஆறு, நாலு, ஐந்தைப் பெருக்கினால் 120 வகை. வகைக்குப் பத்தே பத்து பீஸ் என்றாலும் 1,200 பீஸ். அடக்க விலை 220 ரூபாய் என்றால் 2,64,000 ரூபாய் அலமாரியில் தூங்குகிறது. கடை திறந்ததும் மீடியமும் லார்ஜும் ஓடிவிடும். வாடிக்கையாளர் திரும்பி வந்து "கறுப்புல லார்ஜ் இருக்கா?" என்பார். இருக்காது. மஞ்சளில் ஸ்மால் இருக்கும், பச்சையில் டபுள் எக்ஸ்எல் இருக்கும். லார்ஜ் மட்டும் வேண்டும் என்றாலும் தைத்துக் கொடுப்பவர் மறுபடியும் முழு லாட் எடுக்கச் சொல்வார். முப்பது சதவீதம் தேங்கினால் 79,200 ரூபாய். சீசன் முடிந்து 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று போர்டு மாட்டுகிறபோது விற்றதில் வந்த லாபமும் அதோடு போகும். ஆன்லைனில் விற்றால் இன்னும் மோசம். அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்புவார்கள், போக வர கூரியர் செலவு உங்கள் தலையில்.

இதில் லோகோ எங்கே வருகிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

பெரிய கம்பெனிக்கும் இதே தலைவலிதான். ஆனால் அவனுக்கு நூறு கடை. கொச்சியில் நின்ற சரக்கை மதுரைக்கு அனுப்புவான், அங்கேயும் போகாவிட்டால் தள்ளுபடிக் கடையில் தள்ளுவான். நம்ம ஆளுக்கு இருப்பது வீட்டு ஹாலில் ஒரு இரும்பு பீரோ. அப்புறம் திருப்பூரின் இன்னொரு பக்கம். அந்த ஊர் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரன் பெயருக்குத் தைத்துக் கொடுத்து வளர்ந்த ஊர். காதர்பேட்டைக்குப் போனால் மிச்சம் விழுந்த ஏற்றுமதிச் சரக்கு மலையாகக் கிடக்கும். அதே சரக்கை எடுத்து நாற்பது பேர் நாற்பது லேபிள் தைத்து விற்கிறார்கள். உங்கள் லேபிள் நாற்பத்தொன்றாவது. பெயரைத் தவிர உங்களுடையது என்று அதில் எதுவும் கிடையாது. பெயரை எடுத்துவிட்டால் வாடிக்கையாளருக்கு நஷ்டமும் கிடையாது.

இந்த இடத்தில் யாராவது ஒருத்தர் கட்டாயம் ராம்ராஜ் கதையை எடுப்பார். "அவரும் ஜீரோவிலிருந்துதானே சார் வந்தார்?" வந்தார், யார் இல்லையென்றது? ஆனால் கதையை முழுசாகப் பாருங்கள். கே.ஆர். நாகராஜன் திருப்பூரில் 1983-இல் ஆரம்பித்தார். பெயர் வைக்க ஏஜென்சிக்குப் போகவில்லை. அப்பா ராமசாமி பெயரில் பாதி, தன் பெயரில் பாதி, ராம்ராஜ். எடுத்துக்கொண்ட சரக்கு வேட்டி. பேன்ட் ஆட்கள் வேட்டியைக் கைவிட்டுக்கொண்டிருந்த காலம் அது. சட்டை, பனியன், மற்றதெல்லாம் பிறகு சேர்ந்தவை. தொலைக்காட்சியில் வேட்டி கட்டியவருக்கு ஊரே சல்யூட் அடித்த விளம்பரமும் பிறகு வந்ததுதான்.

எனக்கு இதில் பிடிபட்டது வேறு ஒன்று. வேட்டிக்கு சைஸ் கிடையாது! ஒல்லிக்கும் குண்டுக்கும் அதே நாலு முழம், அதே எட்டு முழம். நிறமும் ஒன்றுதான், வெள்ளை. கரை மட்டும் மாறும். நாலு விதக் கரை, இரண்டு நீளம் என்றால் எட்டே வகை. 120 எங்கே, எட்டு எங்கே? இந்த ஓணத்துக்கு விற்காதது அடுத்த ஓணத்துக்கும் வேட்டிதான். ஃபேஷன் போய்விட்டது என்று யாரும் தள்ளமாட்டார்கள். கையில் காசில்லாதவன் ஆரம்பிக்க ஏற்ற துணி தைக்காத துணி. அந்த வியாபாரத்தில் எட்டு வகைச் சரக்கோடு நிற்க முடியும் என்பதை ராம்ராஜ் கதை சொல்பவர்கள் சொல்வதில்லை.

வரியிலும் இது தெரிகிறது. 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு தைத்த உடை ஒன்று 2,500 ரூபாய் வரை இருந்தால் ஐந்து சதவீதம் ஜி.எஸ்.டி., தாண்டினால் பதினெட்டு. தைக்காத பருத்திப் புடவைக்கும் வேட்டிக்கும் விலை எவ்வளவு ஏறினாலும் ஐந்துதான். கைத்தறி மாதிரி விலை ஏறிய சரக்கு விற்கிறவருக்கு இது சின்ன விஷயமில்லை.

இன்னொரு பெயரும் அடிக்கடி வரும், ஃபேப்இந்தியா. ஜான் பிஸ்ஸெல் 1960-இல் ஆரம்பித்தபோது அது கைத்தறித் துணியை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏற்றுமதிக் கம்பெனி. டெல்லியில் கிரேட்டர் கைலாஷில் முதல் சில்லறைக் கடை வந்தது 1976-இல். நடுவில் பதினாறு வருஷம். நெய்கிறவனையும் துணியையும் தெரிந்துகொள்ளவே அவ்வளவு நாள் பிடித்திருக்கிறது. நம்மவர்களுக்கு முப்பது நாளில் வேண்டும்.

சரி, நம்ம ஊர் விஷயத்துக்கு வருவோம். அதாவது நாம் பிழைக்க வந்த இந்த ஊர் விஷயத்துக்கு.

தம்பானூரிலிருந்து நாகர்கோவில் ரோட்டில் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் பாலராமபுரம். ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்த ஜங்ஷனின் டிராஃபிக்கில் நின்று சலித்திருப்பீர்கள். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் சாலியர் தெருக்கள். திருவிதாங்கூர் அரசர் பாலராமவர்மா (1798 முதல் 1810 வரை ஆண்டவர்) காலத்தில், உம்மிணித் தம்பி முன்னின்று வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து நெசவாளர் குடும்பங்களை அழைத்து வந்து குடியேற்றிய இடம். ஊர்ப் பெயரே அந்த அரசர் பெயர்தான். இன்றைக்குக் கேரளாப் புடவை, கேரளா முண்டு என்று உலகமே சொல்லும் துணியில் இந்த ஊர்ப் பங்கை நெய்ய ஆரம்பித்தவர்கள் நம்மைப்போலத் தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். நாம் ரயிலில் வந்தோம், அவர்கள் இருநூறு வருஷம் முன்னால் நடந்தோ வண்டி கட்டியோ வந்திருப்பார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

அங்கே இன்னும் குழித்தறி இருக்கிறது. தரையில் குழி, குழிக்குள் கால், கையால் நாடாவை எறிந்து நெய்வது. பாவைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டு, பெரிய பிரஷால் தேய்த்துக் காயவைப்பார்கள். நல்ல பாலராமபுரம் துணியில் கரையும் கசவும் முன்பக்கம் பின்பக்கம் இரண்டிலும் ஒரே மாதிரி தெரியும். திருப்பிக் கட்டினாலும் யாருக்கும் தெரியாது. இந்தத் துணிக்குப் புவிசார் குறியீடு கிடைத்துப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது.

போன வருஷம் அங்கே ஒரு பெரியவரோடு திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு, எனக்கு ரொம்பப் பிடித்த பாஷை அது. "குறியீடு வந்துதே, விலை ஏறிச்சா?" என்று கேட்டேன். "பேப்பர் வந்துது சாரே. கூலி ஓணம் கழிஞ்சு வரும்" என்றார். கடைக்காரர் பணத்தை ஓணம் விற்று முடித்த பிறகுதான் தருவாராம். தறியில் உட்கார்ந்தது மாசியில். மாசியில் போட்ட உழைப்புக்கு ஆவணி கழிந்து காசு. பிள்ளைகளை ஏன் தறிக்கு அனுப்பவில்லை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அவருக்குத் துணி இருக்கிறது, இருநூறு வருஷப் பெயர் இருக்கிறது, அரசாங்கத்தின் குறியீடு இருக்கிறது. ஜீரோவிலிருந்து ஆரம்பிக்கிறேன் என்று சொல்கிற நம்ம ஆளிடம் இல்லாதது அத்தனையும் அந்தத் திண்ணையில் இருக்கிறது. அங்கே இல்லாதது ஒன்றே ஒன்று, ஆறேழு மாசம் பணத்தைப் போட்டுவிட்டுக் காத்திருக்கக்கூடிய ஒரு ஆள். இதில் வங்கிக்காரனாகிய எனக்கும் பங்கு இருப்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

சிறுதொழிலுக்கு நடைமுறை மூலதனம் எவ்வளவு என்று கணக்குப் போட எங்களிடம் ஒரு சூத்திரம் உண்டு. பி.ஆர். நாயக் கமிட்டி 1992-இல் கொடுத்தது. வருஷ விற்பனையில் 25 சதவீதம் தேவை என்று வைத்துக்கொள், அதில் 20 சதவீதம் வங்கி கொடுக்கட்டும், ஐந்து சதவீதம் ஆள் போடட்டும். எளிமையான கணக்கு, நல்ல கணக்கும்கூட. ஆனால் அதற்குள் ஒரு அனுமானம் உட்கார்ந்திருக்கிறது. போட்ட பணம் வருஷத்துக்கு நாலு முறை சுற்றி வரும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கைக்குத் திரும்பும் என்பது. பலசரக்குக் கடைக்குச் சரி. முண்டுக் கடைக்கு?

வருஷ விற்பனை பத்து லட்சம் என்று வையுங்கள். சூத்திரப்படி தேவை இரண்டரை லட்சம். வங்கி இரண்டு லட்சம், நீங்கள் ஐம்பதாயிரம். அந்தப் பத்து லட்சத்தில் ஆறு லட்சம் ஓணத்தில் விற்கிறது. ஆறு லட்சத்துக்கு விற்க, கொள்முதல் விலையில் நாலு லட்சத்துக்காவது சரக்கு ஆவணிக்கு முன்னால் கையில் இருக்கவேண்டும். கைத்தறியை விசைத்தறி மாதிரி ஆடி மாசம் ஸ்விட்சைப் போட்டு ஓட்டமுடியாது. தை, மாசியிலேயே நெய்ய ஆரம்பித்தால்தான் உண்டு. நாலு லட்சம் வேண்டிய இடத்தில் இரண்டரை லட்சம் இருக்கிறது. மீதி ஒன்றரை லட்சம் யார் போடுவது?

அந்தப் பெரியவர் போடுகிறார். "ஓணம் கழிஞ்சு தரேன்" என்ற ஒரு வார்த்தையில் அவர் கூலி கடைக்காரருக்கு வட்டியில்லாக் கடனாகிவிடுகிறது. எங்கள் லெட்ஜரில் அவர் பெயர் எங்கும் வராது. எங்களுக்குப் பிணை கொடுக்காமல், எங்களைவிட அதிக ரிஸ்க் எடுத்து, எங்களைவிடக் குறைந்த வட்டியில் கடன் கொடுக்கும் பேங்கர் அவர்தான்.

இத்தனைக்கும் அந்த 20 சதவீதம் குறைந்தபட்சம்தான். தொழிலின் சுற்று நீளமாக இருந்தால் கணக்குப் போட்டு அதிகம் கொடுக்கலாம் என்று விதியிலேயே இடம் இருக்கிறது. மாதவாரியாகச் சரக்கும் பணமும் எப்படிப் போய் வரும் என்று ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவந்து, 'எனக்கு மாசியிலிருந்து ஆவணிவரை கூடுதல் லிமிட் வேண்டும், புரட்டாசியில் அடைக்கிறேன்' என்று இதுவரை என்னிடம் ஒருவர் கேட்டதில்லை. பதினெட்டு பக்கத்தில் லோகோவின் நிறம் என்ன உணர்வைத் தரும் என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். எங்கள் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. விதியைப் புரட்டிப் பார்க்கச் சோம்பல்பட்டு, "வீட்டுப் பத்திரம் இருக்கா?" என்று முதல் கேள்வியாகக் கேட்கிற மேனேஜர்கள் எத்தனை பேர்!

அந்தக் கேள்விக்குத்தான் குடும்பங்கள் பலியாகின்றன. நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். குறு, சிறு தொழிலுக்குப் பத்து லட்சம் வரை அடமானம் கேட்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே சொல்லிவிட்டது. முத்ரா திட்டம் 2015-இல் வந்தது. ஐம்பதாயிரம் வரை சிசு, ஐந்து லட்சம் வரை கிஷோர், பத்து லட்சம் வரை தருண். வியாபாரமும் அதில் சேரும். கொடுக்க மனசில்லாதவர் நூறு காரணம் சொல்வார், அது வேறு. ஆனால் டி-ஷர்ட்டுக்காக ஊரில் அப்பா கட்டிய வீட்டின் பத்திரத்தைக் கொண்டுவந்து வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. வட்டி குறைவு என்பார்கள். தொழில் படுத்தால் தொழில் கடன் தொழிலோடு போகட்டும், வீட்டை ஏன் இழுக்கிறீர்கள்? அந்த வீட்டில் உங்கள் அம்மா இருக்கிறார். மனைவியின் நகையை வைத்து விளம்பரத்துக்குப் பணம் கட்டுவதும் இதே ரகம். விளம்பரம் நாலு நாளில் தீர்ந்துவிடும், வட்டி தீராது.

இன்னொரு பக்கமும் சட்டம் இருக்கிறது. 2006-ஆம் வருஷத்து குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு செய்த சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கினால் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. 2024 ஏப்ரலிலிருந்து வருமான வரியிலும் இதைச் சேர்த்தார்கள், நேரத்துக்குத் தராத பாக்கியை அந்த வருஷச் செலவாகக் காட்ட முடியாது என்று. படிக்க அருமையாக இருக்கிறது. திண்ணையில் இருக்கும் பெரியவர் உத்யம் பதிவு செய்து, தன் சரக்கை எடுக்கும் ஒரே கடைக்காரர் மேல் புகார் கொடுத்துவிட்டு, அடுத்த ஓணத்துக்கு யாரிடம் விற்பார்? சட்டம் எழுதியவர்கள் பாலராமபுரத்துக்கு ஒருமுறை பஸ் ஏறி வந்திருக்கலாம்.

அடுத்து நம்மைப் பற்றி. வாங்குகிற நாம். மாலில் போய் ஒரு சட்டைக்கு மூவாயிரம் என்று டேக் தொங்கினால் வாயைத் திறக்காமல் கார்டைத் தேய்க்கிறோம். அதே நாம் நெசவுத் தெருவில் போய், "இந்த முண்டு இவ்வளவு சொல்றீங்களே, சாலையில பாதி விலைக்குக் கிடைக்குதே" என்கிறோம். கிடைக்கும். அது விசைத்தறி. அதில் நிறைய என் ஈரோடு, சேலம் பக்கத்திலிருந்தே லாரியில் வருகிறது, எனக்கே நன்றாகத் தெரியும் :-) விசைத்தறித் துணியில் தப்பொன்றும் இல்லை. விசைத்தறி என்று சொல்லி விற்றால். கைத்தறி என்று சொல்லி விற்பதுதான் அயோக்கியத்தனம். பாலராமபுரம் என்று லேபிள் தைத்து விசைத்தறியை விற்பது சட்டப்படியும் தப்பு.

"அப்ப என்னதான் சார் செய்யச் சொல்றீங்க, ஆரம்பிக்கவே கூடாதா?" என்று கேட்பீர்கள். ஆரம்பியுங்கள். நானாக இருந்தால் எப்படிச் செய்வேன் என்று சொல்கிறேன்.

முதல் மூன்று மாதம் பெயரே வைக்கமாட்டேன். வாரம் ஒருமுறை அந்தத் தெருவுக்குப் போவேன். நூல் எங்கிருந்து வருகிறது, கசவு எங்கிருந்து வருகிறது, ஒரு முண்டும் நேரியதும் நெய்ய எத்தனை நாள், கூலி எவ்வளவு என்று நோட்டில் எழுதுவேன். ஒன்றிரண்டு நெசவாளர் குடும்பத்தோடு மட்டும் பேசி, நாலு கரைக்கு மேல் போகமாட்டேன். முதல் லாட்டாக ஐம்பது பீஸ். அந்த ஐம்பதுக்கும் தறியிலிருந்து இறங்கிய அன்றே காசு. கையில் இருக்கும் சொந்தப் பணத்தில் அவ்வளவுதான் முடியும் என்றால் அவ்வளவுதான் என் வியாபாரம். உடனடிக் காசு கொடுப்பவன் என்று தெருவில் பெயர் வந்தால் நல்ல துணி முதலில் நம்ம கைக்கு வரும். வொர்க்‌ஷாப்காரர் சொல்கிற பிராண்டு இதுதான் என்றால் எனக்கும் சம்மதம்.

விற்கும் இடம்? பூகோளத்தில் பாதி இடத்தில் தமிழன் இருக்கிறான். கல்யாணத்துக்கு வேட்டி வேண்டாத வீடு உண்டா? உங்கள் அக்கா சிங்கப்பூரில், மச்சான் மஸ்கட்டில். முதல் ஐம்பதுக்கு வெப்சைட் எதற்கு? கோ-ஆப்டெக்ஸில் சகாயம் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில் (2012-14) புடவையோடு நெய்தவரின் படம் போட்ட அட்டையைச் சேர்த்தார்கள். அட்டைக்கு என்ன பெரிய செலவு? அதை நீங்களும் செய்யலாம். நெய்தவர் சம்மதத்தோடு அவர் பெயர், தெரு, தறியில் எத்தனை நாள் இருந்தது, எல்லாம் ஒரு சின்ன அட்டையில். என்னைக் கேட்டால் முப்பத்தைந்தாயிரம் ரூபாய் லோகோவைவிட அது பேசும். நூறு, இருநூறு பீஸ் போன பிறகு பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள். டிரேட்மார்க்கில் உடைக்கு 25-ஆம் வகுப்பு, துணிக்கு 24. தனிநபர் ஆன்லைனில் போட்டால் வகுப்புக்கு 4,500 ரூபாய், கிடைத்தால் பத்து வருஷம் செல்லும். புவிசார் குறியீட்டைப் பயன்படுத்த வேண்டுமானால் அதற்கும் தனியாக அங்கீகரிக்கப்பட்ட பயனாளர் பதிவு இருக்கிறது. நெய்கிறவர் பெயரில் அதைச் செய்ய நீங்கள் கூட அலைந்து உதவலாம். படித்தவர்கள்தானே நாம்.

இதெல்லாம் புத்தகத்துக்கு நல்லாருக்கும், நடக்குமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2018 வெள்ளத்தில் எர்ணாகுளம் மாவட்டம் சேந்தமங்கலத்தில் தறிகளும், ஓணத்துக்கு நெய்து அடுக்கிவைத்த துணியும் சேற்றில் போய்விட்டன. கறை படிந்த புடவைகளை எரித்துவிடலாம் என்ற நிலை. லட்சுமி மேனன், கோபிநாத் பாறயில் என்ற இரண்டு பேர் அந்தத் துணியைக் கிருமி நீக்கி, வெட்டி, கறையோடேயே சின்ன பொம்மைகளாகக் கட்டச் செய்தார்கள். 'சேக்குட்டி' என்று பெயர். ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குப் போகவேண்டிய ஒரு புடவையிலிருந்து 360 பொம்மை, ஒன்று 25 ரூபாய் என்றால் 9,000 ரூபாய். காசு நெசவாளர் சங்கங்களுக்குப் போனது. உலகம் முழுக்க ஆட்கள் உட்கார்ந்து பொம்மை கட்டினார்கள். அந்தப் பெயர் ஏன் அவ்வளவு தூரம் போனது? கையில் ஒரு நிஜமான துணி இருந்தது, அதை நெய்தவர் யார் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

டி-ஷர்ட்தான் என் கனவு என்று அடம்பிடிப்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஒரு நிறம், ஒரு டிசைன், மூன்று அளவு என்று ஆரம்பியுங்கள். துணியைத் தொட்டுப் பார்க்க நீங்களே திருப்பூருக்கு ரயில் ஏறுங்கள். பத்து முறை துவைத்துப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள். பத்திரத்தைப் பீரோவிலேயே வைத்துவிட்டு வாருங்கள், மற்றதை உட்கார்ந்து பேசலாம்.

முண்டுதான் என்று முடிவு செய்தவர்கள் ஆடி மாசத்தில் போய் நின்று ஓணத்துக்குச் சரக்கு கேட்காதீர்கள், தறியிலிருப்பது எல்லாம் யாருக்காவது சொல்லிவைத்ததாகத்தான் இருக்கும். பொங்கல் முடிந்து ஊரிலிருந்து திரும்பியதும் போங்கள். தம்பானூரில் நெய்யாற்றின்கரை பஸ், களியக்காவிளை பஸ் எது வந்தாலும் ஏறலாம். வேலை நாளாகப் பார்த்து, விடிகிற நேரத்துக்குப் போனால் தெருவில் பாவு கட்டியிருப்பார்கள். தமிழில் பேசுங்கள், புரியும்.